கயர்ப்பும் காலமும்: முதிர்ந்த பரோலோ வைன் குறித்து

குடியைப் பற்றி எம்மிடையே இரண்டு பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, அது குடும்பத்தைக் கெடுக்கும் என்பது. மற்றது, சனிக்கிழமை இரவு எத்தனை போத்தல் முடிந்தது என்பது. முதலாவதில் உண்மை இருக்கிறது, இரண்டாவதில் இருப்பது வீம்பு. இந்த இரண்டுக்கும் வெளியே, ஒரு மதுவைக் கவனித்து, எடைபோட்டு, ருசித்துக் குடிக்க முடியும் என்பதை நாம் ஒத்துக்கொள்வதில்லை. புகலிட நாடுகளின் உணவகங்களில் எம்மவர் கழுவித் துடைத்த வைன் கிளாசுகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கிளாசுகளுக்குள் இருந்த ருசி எமக்குரியதல்ல என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். ருசியும் ஓர் அதிகாரம் என்பதால் இந்தத் தீர்மானத்தைக் கேள்விக்குட்படுத்த வேண்டியுள்ளது. அதற்காக இங்கு எடுத்துக்கொள்வது இத்தாலியின் பரோலோவை.

வடமேற்கு இத்தாலியில், பியெமொன்தே மாநிலத்தின் கூனியோ மாவட்டத்தில், அல்பா நகரை அண்டிய லாங்கே குன்றுகளில் பரோலோ செய்யப்படுகிறது. திராட்சை நெபியோலோ என்ற ஒரே இனம். 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்தால்தான் அந்தப் பெயரை இடலாம். அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதங்கள் கிடக்க வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் என்பது விதி. 'ரிசெர்வா' என்றால் 62 மாதங்கள். விதி சொல்லும் காலம் முடிந்த கையோடு திறந்தால் அநேகமாக அது தண்டனையாகவே இருக்கும். நெபியோலோவில் புளிப்பும் அதிகம், டனினும் அதிகம். டனின் என்பது வேறொன்றுமில்லை, வாழைப்பூவிலும் பிஞ்சுக் கொய்யாவிலும் பச்சைப் பாக்கிலும் உள்ள அதே கயர்ப்புத்தான். இளம் பரோலோ நாக்கையும் முரசையும் ஒட்டப் பிடித்து இழுக்கும்.

பதினைந்து, இருபது ஆண்டுகள் இருட்டிலும் குளிர்ச்சியிலும் கிடையாகக் கிடந்த நல்ல போத்தல் வேறு விடயம். முதிர்ந்த மது கருஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பரோலோவோ வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் கொண்டு, கிளாசின் மறுபக்கம் தெரியுமளவுக்கு இருக்கும். மணம் முதலில் அடங்கியே இருக்கும். அரைமணி பொறுத்தால் காய்ந்த ரோசா இதழ், தார், தோல், ஈரமண், புகையிலை என ஒன்றின் பின் ஒன்றாக எழும்பி வரும். தார் என்றால் வீதிக்கு ஊற்றும் அதே தார்தான். ரோசாவுக்குப் பக்கத்தில் அது வந்து நிற்பதே இந்த மதுவின் தனித்தன்மை. வாயில் வைத்தால் கயர்ப்பு அப்படியே இருப்பது தெரியும், ஆனால் இப்போது அது குத்துவதில்லை. மெல்லிய துணிபோல நாக்கில் படிந்து, விழுங்கிய பின்னும் நெடுநேரம் நிற்கிறது. கடை பூட்டிய பின் மேசையில் மிஞ்சிய போத்தலின் அடியில் ஒரு வாய் கிடைத்த சமையலறைத் தொழிலாளர்களாகவே நாம் இதை அறிந்தோம். காசு கொடுத்தவர் தெளிந்ததைக் குடித்தார், எமக்கு வண்டலும் சேர்ந்து வந்தது. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதை எமக்குக் கற்பித்ததே அந்த வண்டல்தான்.

டனினும் நிறப்பொருட்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் படிகிறது. நிறம் வெளிறுவதும் கயர்ப்புத் தணிவதும் இந்த மாற்றத்தில்தான். ஆகவே தொடக்கத்தில் கடுமையே இல்லாத மதுவிடம் முதிர்வதற்கு அதிகம் இல்லை. உலகில் செய்யப்படும் வைன்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை. இதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. 'பழைய மதுவைப்போல' என்ற உவமை எம்மவர் எழுத்திலும் தலைகாட்டுகிறது. அகதியின் காத்திருப்பு அவனைப் பக்குவப்படுத்துகிறதாம். காலம் தானாக எதையும் பக்குவப்படுத்துவதில்லை. தக்கை கெட்டால், வெப்பம் ஏறினால், இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது செத்த புளித்தண்ணீர். ஒருவர் பார்த்துப் பார்த்துக் கிடத்தி வைப்பதும், ஒருவர் காத்திருக்க வைக்கப்படுவதும் ஒன்றல்ல.

மேற்கின் வைன் விமர்சனம் இங்கு எமக்கு எவ்வளவு உதவும்? அமெரிக்கரான ரொபேர்ட் பார்க்கர் 1978ல் தொடங்கிய சஞ்சிகை 100க்குப் புள்ளி போடும் முறையைப் பரப்பியது. புள்ளி போடுபவர் பெரும்பாலும் இளம் மதுவை, ஒரே அமர்வில் பல கிளாசுகளாக ருசித்துத் துப்புகிறார். உணவோடு, ஒரு மாலை முழுவதும் மாறிக்கொண்டே போகும் ஒன்றை அந்த இலக்கம் எப்படிப் பிடிக்கும்? ரோசா, தார் என்ற மணப் பட்டியல் பயனுள்ளது, மேலே நாமும் அதையே செய்தோம். ஆனால் அந்தப் பட்டியல்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி அரிதாகவே எழுகிறது: இருபது ஆண்டு காத்திருந்தது யாருடைய காசு?

முதிர்ச்சி என்பது முடங்கிக் கிடக்கும் பணம். நிலவறையும் பீப்பாயும், அறுவடையை விற்காமல் வைத்திருக்கும் வசதியும் உள்ளவருக்கே அது சாத்தியம். லாங்கேயின் சிறு விவசாயி நெடுங்காலம் திராட்சையை வியாபாரிகளுக்கு அவர்கள் கேட்ட விலைக்கு விற்றவர். அல்பாவில் பிறந்த பெப்பே ஃபெனோலியோ (1922–1963) அங்கேயே ஒரு வைன் கம்பனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் வேலை செய்துகொண்டு கதைகள் எழுதினார். 1954ல் வெளிவந்த அவரது 'லா மலோரா' நாவலில், குத்தகைக் குடியானவன் ஒருவனிடம் வேலைக்கு விடப்படுகிறான் அகோஸ்தீனோ. அந்த வீட்டில் வளையிலிருந்து நூலில் தொங்கும் ஒற்றை நெத்தலியில் எல்லோரும் முறைவைத்துச் சோளக்களியை உரசி ருசியேற்றிக்கொள்கிறார்கள். 1977ல் நூத்தோ ரெவெல்லி கூனியோ விவசாயிகளின் வாய்மொழிகளைத் திரட்டி வெளியிட்ட நூலின் பெயர் 'தோற்கடிக்கப்பட்டவர்களின் உலகம்'. 1986ல் அதே மாவட்டத்திலிருந்து போன மலிவு வைனில் மெத்தனால் கலந்திருந்ததால் இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பரோலோவின் ரோசா மணம் இவற்றுக்குப் பக்கத்தில்தான் விளைந்தது.

இதை அறியாமல் 'பரோலோ யுத்தம்' எனப்பட்ட சர்ச்சையை விளங்கிக்கொள்ள முடியாது. 1980களில் எலியோ அல்தாரே போன்ற இளையவர்கள், தந்தையரின் பெரிய பழம் பீப்பாய்களை விட்டு, 225 லீற்றர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களான 'பரீக்'குக்கு மாறினர். அல்தாரே 1983ல் தந்தையின் பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்தே போட்டார். இளமையிலேயே குடிக்கத்தக்க, வனிலா மணக்கும் மது வந்தது. வெளிநாடுகளில் விற்றது, புள்ளிகளும் கிடைத்தன. எதிரணியில் நின்றவர் பார்தோலோ மஸ்கரெல்லோ (1927–2005). 'பரீக் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று தன் போத்தல் லேபலில் எழுதியவர். ருசியில் நாம் மஸ்கரெல்லோ பக்கம். தாரையும் ரோசாவையும் வனிலாவால் மூடுவது வீண் வேலை. ஆனால் மரபின் பெயரால் அல்தாரேயை நிராகரிப்பது நேர்மையாகாது. காத்திருக்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் அவசரம் அது. வியாபாரியின் பெயர் இருந்த இடத்தில் சிறு விவசாயியின் பெயரை ஏற்றியதில் அந்தத் தலைமுறைக்குப் பெரும் பங்குண்டு.

இன்னும் ஏறாத பெயர்களும் உண்டு. 2014ல் லாங்கேயின் திராட்சைத் தோட்டங்களை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அந்தச் சரிவுகளில் இன்று கொடி கத்தரிப்பவர்களிலும் குலை வெட்டுபவர்களிலும் மாசிடோனியர், ஆபிரிக்கர் எனப் பலர் வந்தேறிகள். எமக்கு இது புதிதல்ல. கள் சீவியவரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்திவிட்டு, அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த சமூகம் எமது. கள் அன்றே குடிக்க வேண்டியது, பொழுதுபட்டால் புளித்துவிடும். பரோலோ இருபது ஆண்டு கிடக்கும். செய்தவரைக் குடிப்பவர் மறந்துபோவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

ஆகையால் குடிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. இன்பத்தை மேட்டுக்குடியிடம் விட்டுக்கொடுத்து, உழைப்பை மட்டும் எமதென்று வைத்துக்கொள்வது முற்போக்கு ஆகாது. ஆறு பேர் காசு சேர்த்தால் ஒரு போத்தல் வாங்கலாம். பழையது கட்டாதென்றால் இளையதை வாங்கிக் கிடத்தலாம். வீட்டு நிலவறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். திறக்க முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் இறங்கட்டும். உறைப்புக் கறி வேண்டாம், அது கயர்ப்பைக் கூட்டும். நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி போதும். ஒரு மாலை முழுவதும் அவசரப்படாமல் குடியுங்கள். பிறகு ருசித்ததை எழுதுங்கள். புள்ளி போட வேண்டாம்.