டெமரேஜ் தெரிந்தவருக்கு டெமர் ஏன் கடினம்?

நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949-இல் அமெரிக்காவில் வந்த புத்தகம். முக்கால் நூற்றாண்டு ஆகியும் நம் ஊரில் அதற்கு மவுசு குறையவில்லை. நடைபாதைக் கடையில் பழுப்பேறிய பிரதி கிடைக்கும். வங்கித் தேர்வு, ஜி.ஆர்.இ. என்று எதற்குப் படிப்பவரைக் கேட்டாலும் முதலில் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அண்மையில் அதை அட்டையிலிருந்து அட்டை வரை வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒரே சந்தேகம்தான்: இது யாருக்கு ஈஸி?

லூயிஸின் முறை எளிமையானது. தனித்தனியாகச் சொல்லை மனப்பாடம் செய்யாதே, வேரைப் பிடி என்கிறார். 'ஆல்டர்' என்றால் லத்தீனில் மற்றவர், அதிலிருந்து ஆல்ட்ரூயிஸ்ட். 'வெர்ட்' என்றால் திரும்புவது, அதிலிருந்து இன்ட்ரோவெர்ட். ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேர் என்பது ஏற்கெனவே உங்கள் மண்ணில் இருந்தால்தான் வேர். இல்லாவிட்டால் அதுவும் மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சொல். பத்துக்குப் பதில் பதினொன்று, அவ்வளவுதான்.

அந்த மண் யாரிடம் இருக்கிறது? ஸ்பானிஷ் பேசுபவரிடம். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேல் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை. ஸ்பானிஷ் லத்தீனின் நேர்வாரிசு. அமெரிக்க மாணவர் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யும் 'லாக்ரிமோஸ்' அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கண்ணீருக்கு அவர் வீட்டுச் சொல்லே 'லாக்ரிமா'. 'ஆர்டுவஸ்' என்றால் 'ஆர்துவோ', 'எஃபெமரல்' என்றால் 'எஃபீமெரோ'. மேல்தட்டு ஆங்கிலம் அவருக்குத் தானாக வந்துவிடுகிறது. அவர் தடுக்கி விழுவது கீழே, சின்னச் சொற்களில்: புட் ஆஃப், புட் அப் வித், கெட் ஓவர், மேக் டு. 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. ஆங்கிலேயக் குழந்தை மூன்று வயதில் பேசுவது அவருக்கு முப்பது வயதிலும் குழப்பம். லூயிஸ் இந்தச் சின்னச் சொற்களைத் தொடுவதே இல்லை. அவர் மனதில் இருந்த வாசகருக்கு அவை தாய்ப்பாலோடு வந்தவை.

நம் நிலை இரண்டிலும் சேராதது. மேல்மாடியும் நமக்கு இரவல், தரைத்தளமும் இரவல். போதாக்குறைக்கு, அரசு அலுவலக ஆங்கிலம் நமக்கு மேல்மாடியை மட்டும்தான் திறந்துவிட்டது. செத்தார் என்பதற்கு 'எக்ஸ்பயர்ட்', வாங்கினேன் என்பதற்கு 'பர்ச்சேஸ்ட்', குடியிருக்கிறேன் என்பதற்கு 'ரிசைடிங்'. ஸ்பானிஷ்காரரின் கனம் நமக்கு வந்துவிட்டது, அவருடைய சுலபம் வரவில்லை. அந்தக் கனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைக்கிற வேலையைத்தான் இந்தப் புத்தகம் இங்கே செய்கிறது. பொய்யர்களை மட்டும் பத்து வகையாகப் பிரித்து ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார் மனிதர். ரசித்துத்தான் படித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டக நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிற பையனுக்கு அதில் எத்தனை வகை உதவும்?

நிற்க. நம்மிடம் லத்தீனே இல்லையா என்றால், இருக்கிறது. அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை, அதுதான் என் குறை. கம்பெனிக்காரர்கள் 1639-இல் இங்கே இடம் பிடிப்பதற்கு முன்பே சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அவர்கள் மொழி ஸ்பானிஷின் உடன்பிறப்பு. அவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்றும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசில் 'ஷாவி', ஸ்பானிஷில் 'யாவே', லத்தீனில் 'கிளாவிஸ்'. பூட்டக்கூடிய அறை என்பதால் 'கான்கிளேவ்'. 2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுத்தபோது ராயபுரத்துக் கத்தோலிக்கர் வீட்டு டி.வி.யில் எல்லாம் அந்தச் சொல் ஓடியது. உள்ளே இருப்பது நம் சாவிதான் என்று ஒரு சேனலாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் 'ஜனேலா', அதன் லத்தீன் மூலம் வாசலைக் குறிக்கும் 'யானுவா'. வாசலைப் பார்த்துக்கொள்பவர் 'ஜானிட்டர்'. கட்டட வேலைக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரி 'மெஸ்த்ரே', அவருக்கு மேலே 'மாஜிஸ்டர்'. அதே வேரில்தான் மாஜிஸ்ட்ரேட்டும், கடினச் சொல் பட்டியலில் வருகிற 'மாஜிஸ்டீரியல்' என்பதும்.

இன்னொன்று, என் மனதுக்குப் பிடித்தது. டிகாஷன். காப்பி இறங்குகிற நம் வீடுகளில் எழுத்தறியாத பாட்டிக்கும் இது தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பலருக்கு அது அகராதியில் தேட வேண்டிய சொல். 'கோக்வெரே' என்றால் லத்தீனில் சமைப்பது, வேகவைப்பது. அதிலிருந்து 'கன்காக்ட்', இல்லாததைக் கூட்டிச் சமைப்பது. அதிலிருந்தே 'ப்ரிகோஷியஸ்', காலத்துக்கு முன்பே பழுத்தது. நாம் பிஞ்சிலே பழுத்தது என்கிறோமே, அச்சு அசல் அதே படிமம். டிகாஷனிலிருந்து பிஞ்சிலே பழுத்ததுக்குப் போக ஒரு பாட்டியும் ஒரு பேரனும் போதும்.

துறைமுகத்துக்கு வந்தால் கஜானாவே திறக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவரைக் குறிக்கும் 'ஸ்டீவிடோர்' என்ற சொல்லை ஆங்கிலம் ஸ்பானிஷின் 'எஸ்திபதோர்' என்பதிலிருந்து எடுத்துக்கொண்டது. மூலம் 'ஸ்டிபாரே', நெருக்கி அடைப்பது. மலச்சிக்கலைக் குறிக்கும் 'கான்ஸ்டிபேஷன்' அதே வேர். ஸ்பெயினில் ஒருவர் தனக்குக் 'கான்ஸ்திபாதோ' என்றால் மூக்கடைப்பு, ஜலதோஷம் என்று அர்த்தம். மருந்துக்கடைக்காரர் மாற்றி மாத்திரை கொடுத்துவிடப் போகிறார். 'டெமரேஜ்' இன்னும் நல்ல உதாரணம். கெடு தாண்டி நிறுத்திய சரக்குக்கும் கப்பலுக்கும் கட்டுகிற தண்டம். துறைமுக வாசலில் டிரெய்லர் வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கும், கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை செய்யும் பையனுக்கும் இது தினசரிப் பேச்சு. லத்தீனில் 'மோரா' என்றால் தாமதம். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு அறிவித்த 'மொரட்டோரியம்' அதுவே. தயங்கி ஆட்சேபம் சொல்வதைக் குறிக்கும் 'டெமர்' என்பதும் அதுவே. ஜி.ஆர்.இ. பட்டியலில் அந்தச் சொல் தடித்த எழுத்தில் நிற்கும். பத்து வருடமாக டெமரேஜ் கட்டி அழுத மனிதரிடம் அதைப் புதுசு போலக் கற்பிப்பது என்ன நியாயம்?

எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்தால் உறவு என்று கிளம்பினால் பெரிய கூத்தாகிவிடும். பணத்தைக் குறிக்கும் ஆங்கில 'கேஷ்' நம் காசு இல்லை, அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய சில்லறை நாணயத்தைக் குறித்த இன்னொரு 'கேஷ்' இருக்கிறது, அதுதான் நம் காசு. அதேபோல், உறவே இருந்தாலும் பொருள் மாறிவிடும். 'கரெக்ட் பண்றது', 'டோஸ் விடறது', 'மேட்டர்' எல்லாம் நம் தெருவில் வேறு வேலைக்குப் போய்விட்டன. அலட்டி ஆங்கிலம் பேசினால் 'பீட்டர் விடறான்' என்கிறோம். ராயபுரத்துக்கு அந்தப் பெயரே பீட்டரால், அதாவது ராயப்பர் கோவிலால், வந்ததென்று சொல்வார்கள். பீட்டர் என்றால் கிரேக்கத்தில் பாறை. பாறையிலிருந்து வரும் எண்ணெய் 'பெட்ரோலியம்'. மணலியில் 1969 முதல் அதைத்தான் சுத்திகரிக்கிறார்கள்.

எண்ணெய் என்றதும் விளையாட்டு முடிகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடு இரவாக ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் மக்கள் வாயில் புதிய சொற்கள் ஏறின: ஸ்லட்ஜ், எஃப்ளூயன்ட், ஃப்ளை ஆஷ். ஆலை வருவதற்கு முன்னால் வர வேண்டிய சொற்கள் இவை. அவை இருந்த இடம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. 2006 அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் சுருக்கம் மாநில மொழியில் வர வேண்டும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அந்த விதிகளையே மாற்ற 2020-இல் வந்த வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளில் தரச் சொல்லி தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த ஆங்கில அறிக்கையை ஒரு ஸ்பானிஷ் மீனவரிடம் கொடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பெருவில் 2022 ஜனவரியில் வென்டனியா கரையில் எண்ணெய் கொட்டியது. அந்தக் கரைக்காரர் என்றே வையுங்கள். 'ஆம்பியன்ட்' அவருக்குப் புரியும், சுற்றுச்சூழலே அவர் மொழியில் 'மெதியோ ஆம்பியன்தே'. 'மிட்டிகேஷன்' புரியும், 'மிதிகார்'. 'க்யுமுலேட்டிவ்', 'அட்வர்ஸ்' எல்லாம் புரியும். கவிழ்வது ஒரு இடத்தில். 'இவென்சுவலி' என்றால் ஆங்கிலத்தில் 'கடைசியில்'. அவருடைய 'எவென்துவல்மென்தே' என்றால் 'ஒருவேளை நேரலாம்'. நம் ஆளுக்கோ முதல் பக்கமே சுவர். தமிழ்ச் சுருக்கத்தில் 'தணிப்பு நடவடிக்கைகள்' என்று இருக்கும். எதை, எவ்வளவு, யார் செலவில் என்பது ஆங்கிலப் பக்கத்தில் இருக்கும்.

லூயிஸை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அவர் எழுதியது நியூயார்க்கில் விருந்துக்குப் போகிறவருக்கு. குற்றம் அதை அப்படியே விற்பவர்கள் மேல், இங்குள்ள பயிற்சிப் புத்தகக்காரர்கள் மேல். எஃப்ளூயன்ட் தெரிந்த ஊரில் அதிலிருந்து 'ஃப்ளூயன்ட்', 'அஃப்ளூயன்ட்', 'சூப்பர்ஃப்ளூவஸ்' என்று ஒரு பாடம் ஏன் யாரும் எழுதவில்லை? கூடவே ஒரு பக்கம் 'ஷல்', 'மே' என்ற இரண்டு சின்னச் சொற்களுக்கு. கழிவுநீரைச் சுத்திகரிக்க 'ஷல்' என்றிருந்தால் செய்தே ஆக வேண்டும். 'மே' என்றிருந்தால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். இரண்டிலும் லத்தீன் வேர் கிடையாது, லூயிஸின் முறையில் இரண்டுக்கும் இடமும் கிடையாது.

சரக்கு நகராமல் இருக்கக் கப்பலுக்குள் அடுக்கும் கட்டை, பலகைக்கு 'டன்னேஜ்' என்று பெயர். அதன் வேருக்கு அகராதிகளே கை விரிக்கின்றன. பெட்டக யார்டுகளில் அதைத் தமிழில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சேர்த்து வருகிறேன். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.