பிடரி எந்தப் பக்கம்?

பிரசவ வலி கண்ட தாயின் வயிற்றுக்குள் குழந்தையின் தலை எப்படித் திரும்பியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் காணாமல் கையாலேயே அறிவது, மகப்பேறு மருத்துவத்தின் மிக நுட்பமான கலை. தேட வேண்டியது பிடரியை. அது தாயின் முன்பக்கம் இருந்தால் குழந்தை மோவாயை மார்பில் ஒட்டி நன்றாகக் குனிந்திருக்கும். இடுப்பெலும்பைக் கடக்கும் தலையின் அளவு ஏறக்குறைய 9.5 செ.மீ. பிடரி தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் பெரும்பாலும் குனிவு குறைந்து, அதே தலை 11.5 செ.மீ. வரை இடம் கேட்கும். தலை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடியே இடுப்புக்குள் நுழைகிறது என்பதை டப்ளின் மருத்துவர் ஃபீல்டிங் ஓல்ட் 1742-லேயே எழுதிவைத்தார்.

கை முதலில் படவேண்டிய இடம் வயிறு. ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்டின் பெயரால் வழங்கும் நான்கு பிடிகள் இதற்கானவை. மேல்முனையில் இருப்பது பிட்டமா தலையா, முதுகின் வழவழப்பு எந்தப் பக்கம், கைகால்களின் முண்டுகள் எந்தப் பக்கம், கீழே இருப்பது அசைகிறதா பதிந்துவிட்டதா என்று உள்ளங்கை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறது. தொப்புளுக்குக் கீழே வயிறு குழிந்து, கைகால்கள் முன்னாலேயே தட்டுப்பட்டால், பிடரி பின்னால் இருக்கலாம் என்ற ஐயம் அப்போதே எழும். பிறகு, இடுப்பின் முன்னெலும்புக்கு மேலே தலையின் ஐந்தில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்று விரல் அகலத்தால் அளக்கப்படும். ஐந்தும் மேலே இருந்தால் தலை இன்னும் மிதக்கிறது. இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் பதிந்துவிட்டது.

உள் பரிசோதனையில்தான் விரல் நுனியின் மேதைமை தெரியும். மண்டையின் நடுவே ஓடும் நீளமான பொருத்தை விரல் முதலில் பிடித்துக்கொண்டு, அதன் முனைவரை நகர வேண்டும். ஒரு முனையில் நான்கு கோடுகள் கூடும் சாய்சதுர மெத்தை, முன் உச்சிக்குழி. மறுமுனையில் மூன்று கோடுகள் கூடும் சிறு முக்கோணம், பின் உச்சிக்குழி. பின்னதில் பல நேரம் குழியே தட்டுப்படாது. வலியின் நெருக்கத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அங்கே விரல் தேடுவது பள்ளத்தை அல்ல, கோடுகளின் எண்ணிக்கையை. மூன்றா நான்கா என்ற இந்தக் கணக்கு சில நொடிகளில், இரண்டு வலிகளுக்கு இடைப்பட்ட ஓய்வில், தாயை வருத்தாமல் முடிய வேண்டும். பின் உச்சிக்குழி எளிதில் கிடைத்து, முன்னது எட்டாமல் போனால் தலை நன்றாகக் குனிந்திருக்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் கிடைத்தால் குனிவு போதவில்லை.

நீண்ட பிரசவத்தில் தலைத்தோல் வீங்கி இந்தக் கோடுகளையெல்லாம் மூடிவிடும். அப்போது தேர்ந்த கை இன்னும் மேலே சென்று குழந்தையின் காதைத் தேடும். காதுமடலின் விளிம்பு பிடரி இருக்கும் பக்கத்தைக் காட்டிவிடும். வீக்கம் இன்னொரு மயக்கத்தையும் உண்டாக்கும். மண்டையோடு மேலேயே நிற்க, வீங்கிய தோல் மட்டும் கீழே வர, உள்ளே சென்ற விரல் தலை இறங்கிவிட்டதாக எண்ணும். வயிற்றின்மேல் வைத்த கை அப்படி எளிதில் ஏமாறாது. ஆகவே இந்தக் கலையில் முதல் மதிப்பு வெளிக்கைக்கே உரியது. அவசரத்தில் அதைத் தவிர்ப்பது பெரிய இழப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பிரசவக் கவனிப்புக் குறிப்பேட்டில் பிடரியின் திசை, தோல் வீக்கம், எலும்பு ஏற்றம், ஐந்தில் எத்தனை பங்கு இறக்கம் ஆகிய நான்குக்கும் தனித்தனி இடம் உண்டு. விரலின் கணிப்பு தவறுவதும் உண்டு என்பதால், பிரசவம் முன்னேறாமல் நிற்கும்போதும் குழந்தையை இழுத்தெடுக்கும் கருவி வைப்பதற்கு முன்பும் ஸ்கேனில் சரிபார்க்கும் வழக்கம் பரவிவருகிறது. பின்னால் இருக்கும் பிடரி பெரும்பாலும் வலியின் போக்கிலேயே முன்னே திரும்பிவிடுகிறது. திரும்பாதபோது சில சமயம் கையால் திருப்புகிறார்கள். தலையை உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் கருவியை வைப்பதானால், அதன் கிண்ணத்தின் மையம் நடுப்பொருத்தின் மேல், பின் உச்சிக்குழிக்கு 3 செ.மீ. முன்னால் அமைய வேண்டும். அங்கே பிடித்து இழுத்தால்தான் தலை குனிந்தபடி வெளிவரும்.