விளம்பரத் தமிழில் தொகையும் வினாவும்: வயப்படுத்தும் உத்திகள் பற்றிய ஒரு மதிப்பீடு

விளம்பர மொழியை ஆராயும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அரிஸ்டாட்டிலின் முப்பகுப்பிலிருந்தே தொடங்குகின்றன. பேசுவோனின் தகுதி, கேட்போரின் உணர்ச்சி, கூற்றின் தருக்கம் என்னும் மூன்றனுள் ஒரு விளம்பரம் எதனைச் சார்ந்து நிற்கிறது என்று காட்டிவிட்டால் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. நடிகர் தோன்றினால் முதலாவது. தாயும் குழந்தையும் தோன்றினால் இரண்டாவது. விழுக்காட்டுக் கணக்கு வந்தால் மூன்றாவது. (அக்கணக்கை வெள்ளை மேலங்கி அணிந்தவர் சொன்னால் அது தகுதியா தருக்கமா என்னும் ஐயம் எழுவதுண்டு.) இப்பகுப்பு பிழையன்று. ஆயின் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தும் இதனைச் செய்துவிட இயலும். மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பதோ ஒரு தொடர். அத்தொடரின் எவ்வுறுப்பு கேட்போரை வயப்படுத்துகிறது என்பதே அவர் அறிய வேண்டுவது. அதற்கு நம் இலக்கணங்கள் வகுத்துள்ள தொகை, வினா என்னும் பகுதிகள் மிகுதியும் துணைசெய்யும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மைசூரில் இருப்போர்க்குக் கைக்கெட்டும் சான்று மைசூர் சாண்டல் சோப்பு. 1916ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் அரசு நிறுவனத்தின் பொருள் இது. இதன் பெயரில் 'மைசூரில் விளைந்த சந்தனம்' என்னும் பொருள் உருபும் பயனும் உடன்தொக்கு நிற்கிறது. விளைந்தது எங்கே என்று எவரும் சொல்லவில்லை. இடப்பெயரே சான்றாகி விடுகிறது. 2014 நவம்பரில் நகரின் பெயர் 'மைசூரு' என மாறியபின்னும் சோப்பின் பெயர் மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. 2025 மே மாதத்தில் நடிகை தமன்னாவை இரண்டாண்டுகளுக்கு ரூ. 6.2 கோடி ஊதியத்தில் விளம்பரத் தூதராக அமர்த்தியபோது, கன்னட நடிகையர் இலரோ என்னும் எதிர்ப்பு எழுந்தது. கர்நாடகத்திற்கு வெளியே சந்தையை விரிக்கவே இவ்வேற்பாடு என்பது அரசின் விடை. முப்பகுப்பின்படி இரண்டுமே 'தகுதி'தான். ஊரின் தகுதியும் ஆளின் தகுதியும் தம்முள் முரணக்கூடும் என்பதை அப்பகுப்பு காட்டாது.

வினாவிற்கு வருவோம். கோல்கேட் ஆக்டிவ் சால்ட் விளம்பரத்தின் 'உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?' என்னும் தொடர் தமிழகத்தில் வேடிக்கைப் பேச்சாகவே வழங்கலாயிற்று. இது இந்தி வினாவின் நேர் மொழிபெயர்ப்பு. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் இதனை அறிவினா எனலாம். கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். 'உப்பு பல்லுக்கு நல்லது' என்று இத்தொடர் கூறவில்லை. ஆனால் அதனை ஒப்புக்கொண்டாலன்றி வினாவிற்குப் பொருளில்லை. மெய்யா பொய்யா என்று சோதிக்கக் கூற்று வேண்டும், வினா கூற்றன்று. வற்புறுத்தல் முழுவதும் முற்கோளில் அடங்கிவிடுகிறது.

இவற்றினும் ஆழமான சான்று 'சிவப்பழகு'. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முதலிய களிம்புகளின் விளம்பரத் தமிழில் நிலைபெற்ற சொல் இது. 'சிகப்பழகு' என்றும் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஃபேர்' என்பது அழகு, வெளிர்நிறம், நேர்மை ஆகிய மூன்றையும் குறிக்கும். அழகு என்னும் பொருளே அவற்றுள் முந்தையது. தமிழில் இவ்வாறு பல்பொருள் தரும் ஒரு சொல் இல்லை. 'வெண்மை' என்று பெயர்த்தால் வெண்குட்டம் நினைவுக்கு வரும். 'வெள்ளைத்தோல்' ஐரோப்பியரைச் சுட்டும். எனவே பேச்சுவழக்கில் வெளிர்நிறத்திற்கு வழங்கிவந்த 'சிவப்பு' தெரிந்தெடுக்கப்பட்டு 'அழகு' என்பதனோடு தொகையாக்கப்பட்டது.

இத்தொகையை விரித்தால் என்ன ஆகிறது? சிவப்பும் அழகும் எனின் உம்மைத்தொகை, இரண்டும் வெவ்வேறு. சிவப்பால் விளையும் அழகு எனின் வேற்றுமைத்தொகை. சிவப்பு காரணம், அழகு காரியம். சிவப்பாகிய அழகு எனின் இருபெயரொட்டு. சிவப்பே அழகு, பிறிதில்லை. ஒரு தொகை இரண்டு முதல் ஏழுவரை பொருள்படலாம் என்று நன்னூல் இடந்தருகிறது. விளம்பரம் இவற்றுள் எதனையும் தெரிந்துரைக்க வேண்டுவதில்லை. மூன்றாம் பொருளைக் கேட்போர் உள்ளத்தில் விதைத்துவிட்டு, வினவினால் முதற்பொருளில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லின் இருபொருள்மை அம்மொழியின் வரலாறு தந்தது. தமிழ்த் தொகையோ சந்தைக்கெனச் செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது மிகத் திறமையான படைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. அத்திறமையே இதனை ஆபத்தானதாக்குகிறது. வாயசைவிற்கேற்பச் சொற்களைச் சுருக்க வேண்டிய குரலொட்டுப் பணியில் தொகை இயல்பாகவே கைக்கு வரும் என்பதையும் கருதுதல் வேண்டும்.

நம் அக இலக்கிய மரபு இதற்கு மாறானது. அங்கே மாமையே மேனியின் அழகு. பிரிவால் மேனியில் படரும் பசலை அழகின் இழப்பு. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று அதற்கு ஓர் அதிகாரமே உண்டு.

கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவோ வருந்துவோராகவோ காட்டலாகாது என 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. அந்நெறி காட்சியைக் கட்டுப்படுத்தும், தொகையைக் கட்டுப்படுத்தாது. 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் தோல்நிற மாற்றத்தையும் சேர்க்க 2020இல் ஒரு வரைவு வெளியிடப்பட்டது. அதே ஆண்டு சூன், சூலைத் திங்களில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கி 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியது. அழகுப்பொருள் விளம்பரத் தமிழில் 'பொலிவு' முன்னுக்கு வந்தது. 'சிவப்பு' குறைந்தபட்சம் ஒரு நிறத்தைச் சுட்டியது. அதனை மறுக்க இயன்றது. பொலிவிற்கு அளவுமில்லை, எதிர்நிறமுமில்லை. எனினும் நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கத்தால் பழைய பொருளையே கேட்போர் அதனுள் பெய்துகொள்ள வாய்ப்புண்டு.

2022 சூன் திங்களில் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், பொறுப்புத்துறப்பு வாசகம் கூற்று அமைந்த அதே மொழியில், அதே எழுத்துருவில் அமைதல் வேண்டும் என்கின்றன. இவ்விதி மொழியியலாரை நேரே அழைக்கிறது. 'கிளினிக்கலி ப்ரூவன்' என்று தமிழ் எழுத்தில் அச்சிட்டு, சுற்றிலும் தமிழ்த் தொடரை அமைத்தால் அக்கூற்று எம்மொழியது? எழுத்தைக் கொண்டு தமிழ் என்பதா, சொல்லைக் கொண்டு ஆங்கிலம் என்பதா? ஆங்கிலம் என்று கொண்டால் தமிழறிந்தார் மட்டும் படிக்கும் இதழில் துறப்பு வாசகம் ஆங்கிலத்தில் வெளிவந்தும் விதிக்கு இணங்கியதாகிவிடும். எழுத்தும் தொடரமைப்பும் வேற்றுமை உருபுகளும் எம்மொழியவோ அம்மொழியே கூற்றின் மொழி எனக் கொள்ளுதல் தக்கது. துறப்பு வாசகத்தைப் பெயர்ப்பவரும் அதில் தொகைகளை விரித்தே எழுதுதல் வேண்டும்.