குற்றாலமா, குத்தாலமா? சாலையோர உதவி பற்றி ஒரு குறிப்பு

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடவே சில நூறு ரூபாய்க்கு 'ரோட்சைட் அசிஸ்டன்ஸ்' என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். வண்டி எங்கே நின்றாலும் ஒரு போன் போதும், 24 மணி நேரமும் இந்தியா முழுக்க ஆள் வரும் என்பது பேச்சு. சென்னையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சில் பெரிய பழுது தெரியாது. கொஞ்சம் தாமதமானாலும் ஆள் வந்துவிடும். இந்தச் சேவை எதனால் ஆனது என்று பார்க்கவேண்டுமானால் மேலகரம் மாதிரி ஓர் ஊர்தான் சரி.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சி இது. ரெண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரமே அஞ்சாறு கிலோமீட்டர்தான். ஆனால் ஜூன் தொடங்கி சாரல் அடித்து, அருவியில் தண்ணி விழுகிறது என்று செய்தி வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தூரம் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. செங்கோட்டை வழியாகக் கேரளக் கார்கள், மதுரை, சென்னை எங்கிருந்தெல்லாமோ ராத்திரி முழுக்க ஓடி வந்த கார்கள், எல்லாம் ஏசி போட்டுக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். அசந்த பேட்டரி, தேய்ந்த கிளட்ச், சூடு தாங்காத சென்சார் எல்லாம் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். (திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். குற்றாலத்து அருவித் திவலையில் சூரியனுடைய தேரே வழுக்குகிறது என்று குறவஞ்சியில் எழுதியவர். இந்த ரோட்டில் பதிவான முதல் பிரேக்டவுன் அதுதான் என்று உள்ளூரில் ஒருத்தர் சொல்லிச் சிரித்தார்.)

போன ஜூலையில் எங்கள் கார் அங்கே நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப். செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல. காலை 11 மணிக்கு உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். "எந்த ஊர் சார்?" "குத்தாலம் பக்கத்துல, மேலகரம்." "மயிலாடுதுறை டிஸ்ட்ரிக்டா சார்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் குற்றாலத்தைக் குத்தாலம் என்றுதான் சொல்வோம். மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலம் என்றே ஓர் ஊர் உண்டு. ஆங்கிலத்தில் அடித்தால் ரெண்டும் முன்னப்பின்ன ஒண்ணுபோலத்தான் வரும். ரெண்டுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தென்காசி, அதுவும் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் என்பதால் அவருடைய பட்டியலில் இன்னும் திருநெல்வேலிக்குக் கீழேதான் இருந்தது. லொக்கேஷன் அனுப்பி, பக்கத்தில் இருந்த கடை போர்டைப் படித்துச் சொல்லி, ஊரை நிலைநாட்டவே இருபது நிமிஷம்.

அதற்குப் பிறகு வந்தது கிலோமீட்டர் கணக்கு. எங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் தென்காசியில் இல்லை, திருநெல்வேலிக்குத்தான் போகணும். ஏறத்தாழ 55 கிலோமீட்டர். என் கையேட்டில் இலவசமாக இழுத்துப்போகும் வரம்பு 50. அது போகட்டும், அஞ்சு கிலோமீட்டர்தானே என்று பார்த்தால், இந்த 50 என்பது ரெக்கவரி வண்டி தன் இடத்திலிருந்து புறப்பட்டு, திரும்ப அங்கே போய்ச் சேரும் வரைக்குமான கணக்காம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் அது இருந்தது. பெரிய ஊருக்குள் இருப்பவர் இந்த வரியைத் தொடாமலே காலம் தள்ளிவிடலாம். மாவட்டத் தலைநகரில்கூட சர்வீஸ் சென்டர் இல்லாதவர்களுக்கு 'இந்தியா முழுக்க' என்பது இந்த ஒரு வரியில் செத்துப்போகிறது. இவ்வளவுக்கும் ரெண்டு பேரும் கட்டுவது ஒரே தொகை.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண் இருக்கிறது. கொல்லம்-திருமங்கலம் சாலை (என்.எச். 744) தென்காசி, செங்கோட்டை வழியாகத்தான் போகிறது. ஆனால் அருவிப் பக்கம் திரும்பியாச்சுன்னா அந்த எண் உங்களுக்கு இல்லை.

ரெக்கவரி வண்டி மூன்றரை மணிக்கு வந்தது. அதற்குள் கார் ஸ்டார்ட் ஆகியிருந்தது (அந்தக் கதைக்கு வருகிறேன்). வந்த டிரைவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். "கம்பெனி குடுக்கற ரேட்டு டீசலுக்கே பத்தாது அண்ணாச்சி. அதையும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போடுவான். சீசன்ல கைக்காசு குடுக்கற பார்ட்டி வந்தா அங்கதான் முதல்ல போவோம்." எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விளக்கம் இதுதான். இந்தச் சேவையை விற்ற நிறுவனத்துக்கு இந்த வட்டாரத்தில் சொந்தமாக ஒரு ஸ்பானர்கூடக் கிடையாது. கையில் இருப்பது ஒரு போன் எண்ணும், உள்ளூர் ஆட்களின் பட்டியலும்தான். டீக்கடைக்காரரிடம் கேட்டாலும் அதே ஆள்தான் வருவார், சீக்கிரமாகவே வருவார். நாம் வருஷச் சந்தா கட்டி வாங்குவது அதே ஆளிடம் வரிசையில் பின்னால் ஓர் இடம். சாயங்காலம் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

இனி மெக்கானிக் கதை. டீக்கடைக்காரர் போன் போட்டு வரவழைத்த பையன் பன்னிரண்டு மணிக்கே பைக்கில் வந்துவிட்டார். சாவியைத் திருப்பி, பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டார். "பம்ப் சத்தம் சரியில்ல. பம்ப் போயிருக்கும், மாத்திப் பாத்துருவோம் அண்ணாச்சி." தென்காசியில் கடை தேடிப் பிடித்து, பம்ப் வாங்கி வந்து, சீட்டைக் கழற்றி மாட்ட மூணு மணி ஆச்சு. வண்டி ஸ்டார்ட் ஆனது. கூலியோடு 4,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு சிரிப்பு. கழற்றிய பம்ப் எங்கே என்றால், "அது எதுக்கு அண்ணாச்சி, குப்பைதான்."

ரெண்டு நாள் கழித்து ஊர் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி அதே மாதிரி நின்றது. மதுரை சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, பத்து நிமிஷத்தில் கிராங்க் சென்சார் என்றார்கள். இந்தச் சென்சார் கெடும் விதமே விசித்திரமானது. எஞ்சின் சூடானால் சிக்னல் விட்டுப்போகும், வண்டி நிற்கும். ஆறினால் மறுபடியும் வேலை செய்யும். மேலகரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தது மூணு மணி நேர ஓய்வு. பம்புக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்தப் பையனுடைய அனுபவக் கணக்கில், இந்த மாடல் நின்றால் பம்ப் என்று ஒரு பாடம் ஏறியிருக்கும். அடுத்த ஆளுக்கும் அதைத்தான் மாற்றுவார்.

இங்கேதான் வழக்கமான புலம்பல் தவறான விலாசத்துக்குப் போகிறது. 'சின்ன ஊர் மெக்கானிக் எல்லாம் ஏமாத்துக்காரன்' என்று முடித்துவிடுகிறோம். அம்பாசடர் காலத்து மெக்கானிக்குக் கண்ணும் காதும் மூக்கும் போதும். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பார், பாயிண்டைத் தேய்ப்பார், கார்புரேட்டரை ஊதுவார். இன்றைய காரில் கோளாறு கம்ப்யூட்டருக்குள் எண்ணாகப் பதிவாகிறது. கடையில் கிடைக்கும் பொது ஸ்கேனர் அதில் ஒரு பகுதியைப் படிக்கும். சாவியின் இம்மொபிலைசர் போன்ற விஷயங்களுக்கு அந்தந்தக் கம்பெனிக் கருவியும் அனுமதியும் வேண்டும். அது அவர் கையில் இல்லை. பம்ப் போயிருக்குமா என்பதை அளந்து பார்க்கும் அழுத்தமானிகூட அவர் பையில் இல்லை. ஏன் வாங்கவில்லை என்றால், கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் நாம் யாரும் காசு கொடுப்பதில்லை. 'பாத்ததுக்கு ஐநூறா?' என்று சண்டைக்குப் போவோம். பாகம் மாட்டினால்தான் அவருக்குக் கூலி. ஆகவே ஊகிக்கிறார், நம் காசில்.

கருவி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அரசு ஆவணமே இருக்கிறது. 2011-ல் ஒரு தனிநபர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியிலுள்ள ஒர்க் ஷாப்புகளுக்கு ஸ்பேர் பாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு கம்பெனி காரை வாங்கியபின் அதன் ரிப்பேர் சந்தையில் அந்தக் கம்பெனியே ராஜா என்பதை ஆணையம் ஏற்றது. பாகங்களையும் கருவிகளையும் வெளியில் கிடைக்கச் செய், வெளியே ரிப்பேர் பார்த்தான் என்பதற்காக மட்டும் வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யாதே, பாகங்களின் விலையை இணையத்தில் போடு என்றெல்லாம் உத்தரவிட்டது. கம்பெனிகள் பாதுகாப்பு, அறிவுசார் சொத்து என்று வாதாடின, மேல்முறையீட்டுக்கும் போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே விஷயத்துக்காக 2012-ல் மக்கள் வாக்குப்போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை' பற்றிக் குழு அமைத்தது. அதன் துறைகளில் மோட்டார் வாகனங்களும் உண்டு. 2014 உத்தரவு வந்து பத்து வருஷம் தாண்டியும், மேலகரத்தில் அந்தப் பையன் காதை வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்காக அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடவும் முடியாது. ஸ்கேனர் இல்லாததற்கு கார் கம்பெனி காரணம். பில் இல்லாததற்கு யார் காரணம்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்கு முறைப்படி பில் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புகாருக்கு 1915 என்ற தேசிய எண்ணும் உண்டு. ஆனால் துண்டுச்சீட்டில்கூட ஒன்றும் இல்லாமல் என்னவென்று புகார் செய்வது? கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அதை மேசையில் வைத்து பேட்டரி வயரைக் கொடுத்தே பம்ப் உயிரோடு இருந்ததா என்று பார்த்திருக்கலாம். இந்த ரெண்டுக்கும் கருவி வேண்டாம், கம்பெனி அனுமதியும் வேண்டாம்.

மதுரையில் சொன்ன பதிலை அந்தப் பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கிராங்க் சென்சாரா? எஞ்சின்ல எந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?" என்றார். மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறதாம். வயரிங் படம், எந்தக் கோளாறுக்கு எந்தப் பாகம் என்பதெல்லாம் அதில்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். போட்டோ அனுப்பினேன். பம்ப் காசைப் பற்றி ரெண்டு பேருமே பேசவில்லை.