முப்பத்தாறாயிரம் சாட்சிகள்

பிட்ஸ்பர்க் நகரத்து வயதான பேஸ்பால் ரசிகர் எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் 1960 அக்டோபர் 13 வந்துவிடும். "அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்பார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் அன்று இருந்ததாகக் கணக்கில் உள்ளவர்கள் 36,683 பேர். இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை யாரும் எண்ணவில்லை. எண்ணினால் மைதானம் கொள்ளாது என்பது என் சந்தேகம்.

அன்று நடந்தது உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். அந்தத் தொடர் முழுவதிலும் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 27. ஆனால் தொடரை வென்றது பைரேட்ஸ்! ஒன்பதாவது இன்னிங்ஸில் 9–9 என்று சமமாக நின்றபோது, பைரேட்ஸ் வீரர் பில் மசரோஸ்கி அடித்த பந்து இடப்பக்க மதிலைத் தாண்டிப் போனது. அண்ணாந்து பார்த்தபடி நின்றார் யாங்கீஸ் வீரர் யோகி பெர்ரா. கடிகாரம் காட்டிய நேரம் 3:36.

நேரில் பார்த்தவரின் நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம்? உளவியலாளர் உல்ரிக் நைசரின் அனுபவம் இங்கே உதவும். பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்ததாக அவருக்குப் பல ஆண்டுகள் திடமான நினைவு. பிறகுதான் உறைத்தது: அது டிசம்பர் மாதம், டிசம்பரில் ஏது பேஸ்பால்? அவர் கேட்டது அமெரிக்கக் கால்பந்து ஆட்டமாக இருக்கலாம் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நினைவை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்தக் கதி என்றால், பத்து வயதில் அப்பாவின் தோளில் ஏறி ஆட்டம் பார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் மறதியை மன்னிக்கலாம். ஓரவஞ்சனையை மன்னிப்பது கடினம். இந்த நினைவுகள் ஹால் ஸ்மித்துக்குச் செய்தது ஓரவஞ்சனைதான். எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன் மூன்று ரன் தந்து பைரேட்ஸை 9–7 என்று முன்னேற்றியது. அடுத்த இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்திராவிட்டால், ஊர் இன்று கொண்டாடும் பெயர் அவருடையதாகவே இருந்திருக்கும். ரசிகரின் நினைவு முடிவைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி நடக்கிறது. வழியில் நின்றவர்களை அது பார்ப்பதில்லை.

ஸ்மித்துக்கு நியாயம் கிடைத்தது ஒரு பாதாள அறையிலிருந்து. பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பைரேட்ஸ் அணியின் பங்குதாரர். ஆட்டத்தை நேரில் பார்க்கும் தைரியம் இல்லாமல் பாரிஸுக்குப் போய்விட்டார். ஆனால் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவுசெய்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். அந்தச் சுருள்கள் 2009 டிசம்பரில் அவருடைய கலிஃபோர்னியா வீட்டின் ஒயின் நிலவறையில் கிடைத்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் வாய்மொழியாக வாழ்ந்த ஆட்டத்தை அதன்பின் முதல் பந்திலிருந்து பார்க்க முடிந்தது.

அப்படியானால் படம் போதுமே, கிழவர்களின் கதை எதற்கு? இங்கேதான் நான் ரசிகர் பக்கம் சாய்கிறேன். பேஸ்பால் ரசிகர்கள் மடியில் அட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் பென்சிலால் குறிப்பவர்கள். அதே எட்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் வீரர் பில் விர்டன் தரையோடு அடித்த பந்து, இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்திருக்க வேண்டியது. எதிலோ பட்டு எகிறி யாங்கீஸ் வீரர் டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அட்டையில் அது முதல் தளத்தை எட்டவைத்த ஓர் அடிக்கான வெறும் குறி. குபெக் விழுந்ததும் அரங்கம் எப்படி அடங்கியது, பக்கத்து இருக்கைக்காரர் என்ன முணுமுணுத்தார் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. அந்த முணுமுணுப்பு கேமராவுக்கும் எட்டாது. பந்து எங்கே போனது என்று ரசிகரிடம் கேட்பது நம் தவறு. தன்னைச் சுற்றி என்ன நடந்தது என்று கேட்டால் அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

மைதானத்தில் இருந்தவரெல்லாம் பார்த்தவர் என்றும் கொள்ள முடியாது. தொலைக்காட்சி வர்ணனையாளர் பாப் பிரின்ஸ் கடைசி நேரத்தில் வீரர்களின் அறைக்கு இறங்கிப் போயிருந்தார். ஆட்டம் எப்படி முடிந்தது என்று தெரியாமலேயே மசரோஸ்கியைப் பேட்டி கண்டு, ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்!

ஃபோர்ப்ஸ் ஃபீல்டு இப்போது இல்லை. மதிலில் ஒரு துண்டு மிச்சம். 1985இல் ஒரு ரசிகர் தனியாக அதன் அடியில் உட்கார்ந்து பழைய வானொலி வர்ணனையை நாடாவில் கேட்டார். இன்று ஒவ்வோர் அக்டோபர் 13 அன்றும் அங்கே கூட்டம் கூடி அதே வர்ணனையைக் கேட்கிறது. இந்த வழக்கத்தின் பலவீனம் வெளிப்படை: ஆண்டுதோறும் ஒரே குரலைக் கேட்டால், தான் கண்டது எது, வர்ணனையாளர் சொன்னது எது என்ற பிரிவு கரைந்துவிடும். அந்தக் குரலும் பிழையற்றதல்ல. மசரோஸ்கிக்குப் பந்து எறிந்தவர் ரால்ஃப் டெர்ரி. பரபரப்பில் வர்ணனையாளர் சக் தாம்சன் சொன்ன பெயரோ யாங்கீஸின் இன்னொரு வீரர் ஆர்ட் டிட்மர். அந்த வர்ணனை பின்னாளில் ஒரு பீர் விளம்பரத்தில் இடம்பெற, டிட்மர் வழக்குப் போட்டுத் தோற்றார்.

ஆயினும் நாடாவைத் திருத்தாமல் அப்படியே ஓடவிடுகிறார்கள், அதுவே சரி. ஹோம் ரன் மிகச் சரியாக 3:36க்கு வரும்படி நேரம் கணித்து ஆட்டத்தை ஓடவிடுவார்கள். அந்த நொடியில் டிட்மர் மறுபடி ஒருமுறை பந்தை எறிவார். மதிலடியில் இருப்பவர்கள் எழுந்து கை தட்டுவார்கள்.