‘மருந்து’ அதிகாரமும் மருத்துவ ஐயவாதமும்

முன்னுரை

சாரல் தொடங்கியதும் வாசுதேவநல்லூர் வட்டாரத்து மக்கள் குற்றாலம் செல்வர். மூலிகைகளைத் தழுவி வரும் அருவிநீர் உடற்பிணியைப் போக்கும் என்பது இப்பகுதியின் நெடுங்கால நம்பிக்கை. நீராடியவர் நலம் பெற்றதாக உணர்வதும் உண்மையே. ஆயின் அந்நலம் மூலிகையால் விளைந்ததா, வெம்மை தணிந்ததாலா, ஓய்வாலா, நோய் தானே தணிந்ததாலா என்பதை அவ்வுணர்வு மட்டும் காட்டாது. இவ்வினா எல்லா மருத்துவத்திற்கும் உரியது. ஜேக்கப் ஸ்டெகெங்கா 2018-இல் வெளியிட்ட நூலில் இதனை ‘மருத்துவ இன்மைவாதம்’ என வளர்த்தெடுக்கிறார். இன்சுலின், பெனிசிலின் போன்ற சிலவற்றை விலக்கினால், சிகிச்சைகளின் பயன்மீது நாம் கொள்ளும் நம்பிக்கை குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தோடு (95) இம்முடிபை ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அதிகார அமைப்பு

இவ்வதிகாரம் தமிழ் மருத்துவத்தின் ஆற்றலுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதன் பத்துக் குறள்களில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. முதற்குறள் நோயின் தோற்றத்தைக் கூறுகிறது. அடுத்த ஆறும் (942–947) உணவின் அளவையும் செரிமானத்தையும் பேசுகின்றன. அவற்றுள் முதலாவது, உணவுமுறை பேணுவோனுக்கு மருந்தே வேண்டா என்கிறது. சிகிச்சைக்கு எஞ்சுவன இறுதி மூன்றே. மருந்தின் புகழன்று, மருந்தின் தேவையைக் குறைக்கும் ஒழுக்கமே இங்கு முதன்மை பெறுகிறது.

உரையாசிரியர் வகுத்த எல்லை

பரிமேலழகர் பழவினையால் வரும் நோயையும் பிற காரணங்களால் வரும் நோயையும் பிரித்து, முன்னது வினை கழிந்தாலன்றித் தீராது என விலக்குகிறார். மருந்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்னும் ஒப்புதல் இதில் உள்ளது. எனினும் இப்பகுப்பில் ஓர் இடர் உண்டு. நோய் தீர்ந்தால் மருந்தின் பயன், தீராவிடின் பழவினை எனக் கொண்டால், எந்த மருந்தும் தோற்க இயலாது. தோற்க இயலாத மருந்து வென்றதாகவும் கூற இயலாது.

செங்கற்பட்டு ஆய்வு

தோல்விக்கு இடம் வைத்த ஆய்வு எவ்வாறு அமையும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2,60,000 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குத் தடுப்பூசியும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற ஊசியும் இடப்பட்டன. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முடிவு. 1999-இல் வெளியான 15 ஆண்டுக் கண்காணிப்பு அறிக்கையும் அதனை உறுதிசெய்தது. இதே தடுப்பூசி குழந்தைகளின் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளுக்குக் காப்பளிப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படுகிறது.

ஸ்டெகெங்காவின் வாதம் போதாமை கொள்ளுமிடம் இது. ‘மருத்துவம் பயன்தருமா?’ என்னும் பொதுவினாவுக்கு இத்தடுப்பூசி ஆம் என்றும் விடை தாராது, இல்லை என்றும் விடை தாராது. யாருக்கு, எந்நோய்க்கு, எக்காலத்தில் என்று கேட்டால் தெளிந்த விடை கிடைக்கிறது. நோயாளி, நோய், காலம் ஆகிய மூன்றன் அளவையும் கருதச் சொல்லும் 949-ஆம் குறள் இவ்வினா முறையை முன்வைக்கிறது. வள்ளுவர் இன்றைய ஆய்வுமுறையை அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. அளந்து ஐயுறும் மனப்பாங்கு அக்குறளில் உண்டு என்பதே பொருள்.

முடிவுரை

ஆங்கில மருத்துவத்தின்மீது எழுப்பும் ஐயத்தைச் சித்த மருத்துவத்திற்குச் சான்றாக்கும் போக்கு நம் ஆய்வுகளில் காணப்படுகிறது. ஒன்றன் குறை மற்றொன்றன் நிறைவாகாது. நூலின் பழைமை ஒரு மருந்தின் வரலாற்றைக் காட்டலாம். அதன் பயனைக் காட்டாது. ஐயம் இரு மருத்துவத்திற்கும் ஒரே அளவுகோலாக அமையும்போதே ‘மருந்து’ அதிகாரத்தை அதன் சொற்களுக்கு உண்மையாக வாசித்தவராவோம்.