அராவப்பட்ட ஆக்கம்: பொய்நகமும் ‘இயல்பு’ என்னும் சொல்லாடலும்

1

‘பொய்நகம்னே தெரியலை, அவ்வளவு இயல்பா இருக்கு.’ செயற்கை நகம் வைத்துக்கொண்டவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு இது. வைத்துவிட்டவருக்கும் இதுதான் பாராட்டு. ஒரு வேலை நடந்ததே தெரியாமல் போவதுதான் அந்த வேலையின் வெற்றி. தச்சரிடம் போய் ‘செஞ்ச மாதிரியே இல்லை, மரத்துலயே காய்ச்ச நாற்காலி மாதிரி இருக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. நகத்துக்கு மட்டும் ஏன் இந்த நிபந்தனை?

அழகு நிலையத்துச் சமாச்சாரத்துக்கெல்லாம் இங்கே பக்கம் ஒதுக்கணுமா எனக் கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். சாதியும் பெண்ணடிமையும் ‘இயற்கை’ எனச் சொல்லியே கட்டிக் காக்கப்பட்ட மண்ணில், ஒன்று எப்படி ‘இயற்கை’ ஆக்கப்படுகிறது என்பது சின்னக் கேள்வி அல்ல. விரல்நுனியில் அது நடக்கும்போது கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

2

இந்தத் தொழிலுக்கு ஒரு தோற்றக்கதை உண்டு. 1954இல் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் உடைந்துபோன தன் நகத்தைப் பல் வைத்தியத்துக்கான அக்ரிலிக்கைக் கொண்டு சரிசெய்துகொண்டார் என்பது அது. இன்றைய செய்முறையும் அந்த வழியில் வந்ததுதான். திரவத்தில் நனைத்த தூரிகையைப் பொடியில் தொட்டால் நுனியில் சின்ன உருண்டை திரளும். அதை நகத்தின்மேல் வைத்து இறுகுவதற்குள் பரப்ப வேண்டும். நீளம் வேண்டுமென்றால் முன்னதாகவே நுனியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிடுவார்கள்.

‘இயல்பு’ இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பிளாஸ்டிக்கும் நகமும் சேரும் இடத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கோட்டை இல்லாமல் ஆக்க வேண்டும். அடியில், தோலுக்குப் பக்கத்தில் பூச்சு மெலிந்து, தோலைத் தொடாமல் மயிரிழை விட்டு முடிய வேண்டும். தடிமன் எங்கும் ஒன்றாக இருந்தால் பலகை வைத்த மாதிரி இருக்கும். ஆகவே அழுத்தம் தாங்கும் இடத்தில் மெல்லிய மேடு, நுனிக்குப் போகப்போகச் சரிவு. சதைமேல் உள்ள பகுதிக்கு ஊடுருவித் தெரியும் இளஞ்சிவப்பு. நுனிக்கு வெள்ளை, அதுவும் சுண்ணாம்பு வெள்ளை கூடாது, கொஞ்சம் மங்கல். நீளம் விரலைச் சற்றே தாண்டினால் போதும். ஆக, இயல்பு என்பது வேலையைக் குறைப்பதல்ல. ஒரு வேலையின்மேல் இன்னொரு வேலை செய்து முதல் வேலையின் தடயத்தை அழிப்பது.

இதில் ஒரு வேடிக்கை. விரல்நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அடியில் இடைவெளி விழுந்துவிடும். திரும்பப் போய் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். காட்டிக்கொடுப்பது பொய்நகம் இல்லை. வளர்கிற சொந்த நகம்தான். இயல்பான தோற்றத்துக்கு முதல் எதிரி இயற்கை!

3

எம்.ஏ. தமிழ் வகுப்பில் பரீட்சைக்காக உருப்போட்ட கிளவியாக்கம் இப்போது வேறுமாதிரி படுகிறது. இயற்கைப் பொருளை ‘இது இத்தன்மையது’ எனச் சொல்ல வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். செயற்கைப் பொருளை ஆக்கச் சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார். நிலம் வலிது எனலாம். எருப்போட்டுக் களையெடுத்து வளர்த்த பயிரை ‘நல்லது’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ‘நன்றாயிற்று’ எனச் சொல்ல வேண்டும். காரணமும் அதற்கு முன்னால் வர வேண்டும். வழக்கில் காரணம் இல்லாமலும் ஆக்கம் வரலாம் என அடுத்துக் கொஞ்சம் தளர்த்துகிறார். ஆக்கத்தையே விட்டுவிடலாம் என்று அங்கே சொல்லவில்லை.

‘நகம் அழகிது’, ‘நகம் அழகிதாயிற்று.’ இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறாள். அவள் கையில் உள்ள அரம் தேய்ப்பது நகத்தை மட்டுமல்ல, ‘ஆயிற்று’ என்ற சொல்லையும்தான். வரலாற்றை இயற்கையாக உருமாற்றுவதே நவீனத் தொன்மத்தின் வேலை என்று 1957இல் ரோலான் பார்த் எழுதியதை நம் இலக்கண மொழியில் இப்படிச் சொல்லலாம்: தொன்மம் என்பது ஆக்கம் தொலைத்த வாக்கியம்.

4

யாருடைய இயல்பு என்பது அடுத்த கேள்வி. இளஞ்சிவப்பு அடி, வெள்ளை நுனி என்ற பாணிக்குப் பெயர் ‘ஃபிரெஞ்சு மேனிக்யூர்’. பிரான்சில் பிறந்ததல்ல. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஜெஃப் பிங்க் என்பவர், எந்த உடுப்புக்கும் பொருந்துகிற, காட்சிக்குக் காட்சி மாற்றத் தேவையில்லாத நகம் ஹாலிவுட்காரர்களுக்கு வேண்டியிருந்ததால் உருவாக்கினார் என்பது அவரே சொன்ன கதை. பாரிஸ் அலங்கார மேடைக்குப் போன பிறகு ஃபிரெஞ்சுப் பெயர் ஒட்டிக்கொண்டது. படப்பிடிப்பின் சிக்கனம், இயற்கையின் நிறமாகிவிட்டது. அந்த இளஞ்சிவப்பும் வெள்ளைத் தோலின் இளஞ்சிவப்பு. கறுப்புப் பெண்ணின் விரலில் அதை வைத்துவிட்டு ‘இயல்பு’ என்பது யாரை அளவுகோலாக வைத்து?

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் நீண்ட, வண்ணம் தீட்டிய நகங்களோடு ஓடி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ‘ஆமாம், இது செய்ததுதான்’ எனச் சத்தம் போட்டுச் சொன்ன நகம் அது. அப்படிப்பட்ட நகத்தைக் கொச்சை என்றும், அதைவிட அதிக அராவலில் விளைந்த வெளிறிய நகத்தை நாசூக்கு என்றும் தரம் பிரிப்பது ரசனையல்ல, நிறமும் வர்க்கமும்.

5

குனிந்து உட்கார்ந்திருப்பவளுக்கு வருவோம். 1975இல் சைகோன் வீழ்ந்தபின் கலிஃபோர்னியாவின் அகதி முகாம் ஒன்றில் வியட்நாமியப் பெண்கள் நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களை வியந்து பார்த்தார்கள். அவர் தன் நக அலங்காரக்காரரை வரவழைத்து 20 பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். இன்று அமெரிக்காவின் நகத் தொழிலில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில். ஒரு போரின் வரலாறு விரல்நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘இயல்பா இருக்கு’ என்ற பாராட்டில் அந்தப் போர் இல்லை.

தூசும் இல்லை. கோட்டை அழிக்கும்போது பறக்கும் அக்ரிலிக் தூசு எங்கே போகிறது? வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் சுவாசிப்பதை வேலைக்காரி நாள் முழுக்கச் சுவாசிக்கிறாள். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தால் நகம் சிதைந்தவர்களின், தோல் புண்ணானவர்களின் புகார்கள் 1970களின் தொடக்கத்திலேயே வந்தன. அந்தத் திரவத்தை மட்டுமே கொண்ட பொருள்களை அமெரிக்க அரசு நீதிமன்றம்வரை போய்ச் சந்தையிலிருந்து அகற்றியது. ஜெல் நகத்தை ஒளியில் இறுகவைக்கும் டி.பி.ஓ. என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடைசெய்தது.

2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அந்த நகரத்து நக நிலையங்களின் அற்பக் கூலியையும் நோய்களையும் எழுதியது. அக்கட்டுரைகளுக்கு மறுப்புகளும் வந்தன. ஆனாலும் மாநில அரசு உடனே விதிகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மிலியான் காங் 2010இல் எழுதிய நூலில் இதை ‘உடல்சார் உழைப்பு’ என்கிறார்: இன்னொருவர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலையோடு, அந்தத் தொடுகை எழுப்பும் உணர்வுகளைச் சமாளிக்கும் வேலையும் சேர்ந்தது. பூச்சு மட்டும் இயல்பாக இருந்தால் போதாது, சிரிப்பும் இயல்பாக இருக்கணும்.

6

‘அதனால பொய்நகமே வேண்டாம், இயற்கையே அழகு’ என்று முடித்துவிட முடியாதா? முடியாது. பெண் இயற்கையாக இருக்க வேண்டும் என்பதும் ஆண் போட்ட உத்தரவுதான். விபத்தில் நகம் போனவளுக்கு, சிகிச்சையில் நகம் உதிர்ந்தவளுக்கு, நாலு பேர் உற்றுப் பார்க்காத ஒரு கை வேண்டியிருக்கிறது. அவளிடம் போய்த் தொன்மம் பற்றிப் பேசுவது வக்கிரம். பொய் சொல்வது நகமல்ல. அதைப் பற்றிய வாக்கியம். திருத்த வேண்டியது வாக்கியத்தை.

எழுதுகிற நமக்கும் இதில் பங்குண்டு. ‘கதை ரொம்ப இயல்பா இருக்கு, எழுதின மாதிரியே தெரியலை’ என்று நம் மதிப்புரைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! யதார்த்தவாதத்தின் கையிலும் ஓர் அரம் இருக்கிறது. எந்தச் சாதியின் வீட்டுப் பேச்சு ‘இயல்பு’ எனக் கொள்ளப்பட்டது, எது ‘வட்டார வழக்கு’ என ஒதுக்கப்பட்டது, எந்த ஒட்டு எங்கே தேய்க்கப்பட்டது? இவற்றைக் கேட்காமல் ‘இயல்பு’ எனப் பாராட்டும் விமர்சகர், நகத்தைப் பாராட்டிவிட்டுத் தூசைப் பார்க்காமல் எழுந்து போகும் வாடிக்கையாளரைப் போன்றவர். குறைந்தபட்சம் ‘இயல்பாயிற்று’ என்றாவது எழுதுவோம். காரணத்தையும் சேர்த்து.